எதிர்த்துத் தூக்கிய ஒரே கை

செங்கரடுப்பட்டி,
காரைக்குடி வழி.
ஆவணி 22, 1972.

அன்பு மகன் சேவுகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் கீழே படித்தால் தெரியும். அங்கே நீயும் சாலாவும் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் கூட நிற்க வேண்டும். பேரனுக்குக் கண் சிவந்து நீர் வடிகிறது என்று போன மாதம் எழுதியிருந்தாய், நான் அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி நாட்டரசன்கோட்டைக்குப் போய் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டு வந்தேன். கண் தேவலையா என்று இப்போது வந்த கடிதத்தில் ஒரு வரி எழுதியிருப்பாய் என்று பார்த்தேன், எழுதவில்லை. கண்டரமாணிக்கத்தில் உன் தங்கை வீரலட்சுமிக்கு ஐந்து மாதம் ஆகிறது, வாந்தி நின்றுவிட்டது, புளிப்பாகத் தின்னக் கேட்கிறாள், மாங்காய் வற்றல் போட்டுக் கொடுத்தனுப்பினேன். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மழைதான் இல்லை. இவ்வளவுதான் நல்ல சேதி, இனி நீ எழுதியதற்கு வருகிறேன்.

அப்பாவுக்கு நீ போட்ட கடிதத்தை அவர் வாசலில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சோறு எடுத்து வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல் வயலுக்கு நடந்துவிட்டார். சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் நான் படித்தேன். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வீம்பு, சொந்தத் தெருவுக்கு வந்த தண்ணீரையே மறித்தவர் என்று வீரணன் நாலு பேர் முன்னால் சொல்லும்போது என்னால் தலை நிமிர முடியவில்லை, ஊரே சேர்ந்து மெம்பர் பதவியிலிருந்து இறக்குகிற அளவுக்கு நடந்துகொண்டீர்களே என்று எழுதியிருக்கிறாய். வீரணன் உன்னோடு பிலாய் இரும்பாலையில் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்து நாலு நாள் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினவன். அவன் காதில் விழுந்ததை அவன் சொல்லியிருக்கிறான், அவனைக் குறை சொல்லவில்லை. பெற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீ எழுதியிருக்கலாம். கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அப்பாவுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதே, அவர்மேல் எனக்கே கோபம் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா தேடிப் போய் மெம்பர் ஆகவில்லை. பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்தபோது நம் தெருக்காரர்கள்தான் வந்து நின்றார்கள். முன்னால் பேசினது உன் சின்னக்கருப்புச் சித்தப்பா. "அண்ணே, வருசா வருசம் வீட்டு வரிய ஏத்திக்கிட்டே போறாக, கேக்குறதுக்கு நமக்கு நாதியில்ல, நீக உள்ள இருந்தீகன்னா ஏத்த விடமாட்டீக, அது ஒண்ணு போதும் எங்களுக்கு" என்று சொல்லி, பிள்ளையார் கோயில் திருநீற்றை எடுத்து வந்து அப்பா கையில் வைத்து வாக்கு வாங்கிக்கொண்டார். அப்பா வாக்கு கொடுத்தால் எப்படி என்று உனக்குத் தெரியும். அன்றைக்கே நான் சொன்னேன், வாக்கை வாங்கிக்கொண்டவர்கள் மறந்துவிடுவார்கள், கொடுத்தவர் மாட்டிக்கொள்வார் என்று. அவர் சிரித்தார்.

பிறகு குழாய்த் திட்டம் வந்தது. மேலே பெரிய தொட்டி கட்டி, தெருத் தெருவாகக் குழாய் போட்டு, நல்ல தண்ணீர் விடப் போகிறோம் என்று பிரசிடெண்டு மாயக்கண்ணன் மைக் வைத்துப் பேசினார். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நம் வீட்டுக் கிணறு உப்பு, பருப்பு வேகாது. சித்திரையில் ஊருணி வற்றிப்போய் நடுவில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் இறைத்து ஒரு குடம் நிரப்புவதற்குள் இடுப்பு விட்டுப்போகும், அதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், சாலா பார்த்ததில்லை. ஆனால் அந்தத் திட்டத்தோடு சேர்த்து ஒரு கல்யாணக் கூடமும் ரேடியோ வைத்த பூங்காவும் கட்டுவதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சர்க்காரிடம் கடன், கடனை அடைக்க வீட்டு வரி இப்போது இருப்பதைப் போல இன்னொரு பங்கு, அது போகத் தண்ணீர் வரி தனி.

அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்றால் எல்லோருக்கும் வேண்டும். வரி ஏறும், பரவாயில்லையா என்றால் ஒருவருக்கும் சம்மதமில்லை. திரும்பி வந்து, "ரெண்டும் வேணுங்கிறாக, எதையாவது ஒண்ணச் சொல்லுங்கன்னா மோட்டுவளையப் பாக்குறாக" என்றார். எனக்குத் தண்ணீர்தான் வேண்டும், வரி எவ்வளவானாலும் கட்டுவோம், பிள்ளை பிலாயில் சம்பாதிக்கிறான் என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். "ஒனக்குப் பிள்ளை பிலாயில இருக்கான், காளியம்மாளுக்கு யாரு இருக்கா" என்று கேட்டார். கடைசி வீட்டுக் காளியம்மாள் இட்லி அவித்து விற்றுப் பிழைக்கிறவள், அவள் குடிசைக்கும் வரி உண்டு. அவர் கேட்டது சரியாக இருந்த கோபத்தில் அன்று இரவு சோற்றை எடுத்து மூடி வைத்துவிட்டு நான் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் நடந்ததை அப்பா சொல்லவில்லை, பஞ்சாயத்து ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற அக்கம்மாள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா எழுந்து, தண்ணீர் வேண்டும், கூடமும் பூங்காவும் இப்போது வேண்டாம், இரண்டையும் தனித்தனித் தீர்மானமாகப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அதோடு விடவில்லை. "பூட்டிக் கெடக்குற பெரிய வீடுகளுக்கு அந்தக் காலத்துல போட்ட வரி அப்படியே கெடக்கு. ஒரு தெருவுல நுழைஞ்சு மறு தெருவுல வெளிய வார வீடு அது. அத ஒரு தடவை சரியா அளந்து வரி போடுங்க. அப்பறமும் பத்தலைன்னா சின்ன வீட்டுப் பக்கம் வாங்க, நானே வீடு வீடா வந்து வாங்கித் தாரேன்" என்றாராம். மாயக்கண்ணன் சிரித்துக்கொண்டே, "அவுக மெட்ராஸ்ல இருக்காக, ரங்கூன்லேருந்து வந்து பினாங்குல இருக்காக, அவுகளத் தேடிக்கிட்டு யாருண்ணே போறது? தண்ணியையும் கூடத்தையும் பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே தீர்மானம். வேணும்னா வேணும்னு கையத் தூக்குங்க, வேணாம்னா வேணாம்னு தூக்குங்க" என்றாராம். மற்ற மெம்பர்கள் அத்தனை பேரும் வேண்டும் என்று தூக்கினார்கள். எதிர்த்துத் தூக்கின கை அப்பாவுடையது ஒன்றுதான். அக்கம்மாள் சொல்லும்போது, "கைய எறக்கச் சொல்றவரைக்கும் எறக்காம நின்னாக ஆச்சி, கூட இருந்தவுக அவுக மூஞ்சியவே பாக்கல" என்றாள்.

மறுநாளே ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு, குடிதண்ணீர்த் திட்டம் நிறைவேறியது, எதிர்த்தவர் இன்ன வார்டு மெம்பர் ஒருவர் மட்டுமே என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். கூடம் என்ற வார்த்தையே அதில் இல்லை. பள்ளம் தோண்டிக்கொண்டு வந்தவர்கள் கீழத்தெரு, கோயில் தெரு எல்லாம் முடித்து நம் தெரு முனையில் நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பணம் பற்றவில்லை, அடுத்த கட்டத்தில் வரும் என்று பஞ்சாயத்து ஆபீசர் சொன்னார். டீக்கடையில் மாயக்கண்ணன் சொன்னது வேறே. "அவுக மெம்பருதான வேணாம்னாரு, வேணாங்கிறவுகளுக்கு வம்படியா ஊத்த முடியுமா?" வரி மட்டும் நம் தெருவை விட்டுவிட்டுப் போகவில்லை. வீட்டு வரியும் வந்தது, குழாயில்லாத தெருவுக்குத் தண்ணீர் வரியும் வந்தது.

நான் ஒரு நாள் கோயில் தெருக் குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். நாகவல்லி, உன் கூடப் படித்த மாணிக்கத்தின் அக்காள், குழாயைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா, இது ஒங்க வீட்டு அண்ணன் வேணாம்னு கை தூக்குன தண்ணியாச்சே, ஒங்களுக்கு எதுக்கு" என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெறுங்குடத்தோடு திரும்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒன்றும் செய்திருக்கப் போவதில்லை, கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார், அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் நாகவல்லிமேல் வரவில்லை. அவரும் வேண்டும் என்றே கையைத் தூக்கிவிட்டு ஊரோடு போயிருக்கக் கூடாதா, ஊரில் எல்லா மெம்பரும் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் நினைக்கிறேன்.

தண்ணீர் வராத தெருவுக்குத் தண்ணீர் வரி ஏன் கட்ட வேண்டும் என்று தெருக்காரர்கள் நம் வீட்டில் கூடிப் பேசினார்கள். ஒருத்தரும் கட்டுவதில்லை என்று முடிவு. சின்னக்கருப்புச் சித்தப்பாதான் குரல் உயர்த்தி, "ஜப்திக்கு வரட்டும், தெருவே குறுக்கப் படுத்துக்கிடுவோம்" என்றார். எல்லோருக்கும் நான் காபி போட்டுக் கொடுத்தேன். தண்டோரா போட்டுக்கொண்டு ஜப்திக்கு வந்த அன்று பார்த்தால் நம் வீட்டு வாசலில் மட்டும் வண்டி நின்றது. மற்றவர்கள் எல்லாம் ஒவ்வொருத்தராகப் போய்ச் சத்தமில்லாமல் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். காளியம்மாள்கூடக் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள், அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அவள் ஒருத்திதான் மறுநாள் வந்து சொல்லி அழுதாள். சித்தப்பா எதிர்வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றதும் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள், சேவுகா. உன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தாயே, அந்தச் சைக்கிள்தான். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார், உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வார்த்தையை நான் காப்பாற்றப் போவதில்லை. கட்டினால் விட்டுவிடுகிறோம் ஐயா என்று வந்த குமாஸ்தாவே கெஞ்சினான், நல்ல பையன். "தண்ணி வரட்டும், வந்த அன்னைக்கே கட்டுறேன். இப்ப எடுத்துக்கிட்டுப் போ, ரசீது மட்டும் சரியா எழுதிக் குடு" என்றார். காற்று குறைவாக இருக்கிறது, உருட்டிக்கொண்டு போ, ஏறாதே என்றும் சொல்லி அனுப்பினார். அதை ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா, சித்தப்பாவின் மருமகன். நம் வாசல் வழியாகத்தான் மணி அடித்துக்கொண்டு மில்லுக்குப் போகிறான். அப்பா வயலுக்கு நடந்து போகிறார்.

இதற்கெல்லாம் பிறகுதான் அந்தக் கூட்டம் மறுபடியும் நம் வீட்டுக்கு வந்தது. அதே ஆட்கள்தான். மாயக்கண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார், அண்ணன் மெம்பர் பதவியை விட்டால் குழாய் தானாக வரும் என்று. சித்தப்பா துண்டை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீக, பொம்பளைக அங்குட்டும் இங்குட்டும் அலையிறது பாக்கச் சகிக்கல, நீக கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டீகன்னா தெருவுக்கு நல்லது" என்றார். அப்பா கோபப்படவில்லை. "வரி ஏறக்கூடாதுன்னு எங்கிட்டத் திருநீறு வச்சு வாக்கு வாங்குனது யாருப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கிக் கேட்டது அன்னைக்கி. இப்பக் கேக்குறது இப்ப" என்றார் சித்தப்பா. நான் அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன், நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், நல்ல உப்பு. வெயிலில் வந்தவர்கள் மடக்கென்று குடித்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தார்கள். செய்யக் கூடாததுதான். செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அப்பா அவர்கள் முன்னாலேயே தாளை எடுத்து ராஜினாமா எழுதிச் சித்தப்பா கையிலேயே கொடுத்தார். வாங்கிக்கொண்டு போகும்போது, அண்ணி வாரோம் என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஊர் சேர்ந்து இறக்கியது என்று வீரணன் சொன்னானே, அது இதுதான்.

இப்போது சித்தப்பா மெம்பர், போட்டியில்லாமல் வந்துவிட்டார். நின்ற பள்ளத்தை மறுபடி தோண்டிக் குழாய் போட்டார்கள். மாலை கட்டி, தேங்காய் உடைத்து, மாயக்கண்ணன் வந்து திறந்தார், சித்தப்பாவைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கூடமும் எழும்பிவிட்டது. அதில் கல்யாணம் வைக்கக் கேட்கிற வாடகைக்கு நம் தெருவில் யாரும் கிட்டேகூடப் போக முடியாது, ஆடுகள் நிழலுக்குப் படுத்துக்கிடக்கின்றன. ரேடியோ வந்த மாதமே பழுதாகிவிட்டது. இப்போது கூடத்துக்குக் கரண்டுச் செலவு என்று மறுபடி வரியை உயர்த்தியிருக்கிறார்கள், அந்தத் தீர்மானத்துக்குச் சித்தப்பாவும் கை தூக்கினாராம். பெரிய வீடுகளை அளக்கப் போன ஆள் இன்றுவரை இல்லை. தெருவில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, வரியைக் கட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வருகிறார்கள். அப்பாவிடம் வந்து, நீங்கள் சொன்னது சரி என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை, இனியும் வரமாட்டார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு முதலில் கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருப்பேன்.

குழாய் வந்த பிறகும் கொஞ்ச நாள் நான் ஊருணிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் இப்போது வேறு யாரும் வருவதில்லை, முள் படர்ந்துவிட்டது. அந்தக் குழாயில் பிடித்தால் அப்பாவுக்கு எப்படி இருக்குமோ என்றுதான் போனேன். ஒரு நாள் காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தேன். அப்பா முள்ளை எடுத்துவிட்டு, "வாசல்ல குழாய வச்சுக்கிட்டு எதுக்கு அங்குட்டுப் போன?" என்று கேட்டார். அவரே மூலையில் இருந்த குடத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "போய்ப் பிடிச்சிட்டு வா. நான் வேணாம்னது தண்ணிய இல்ல" என்றார். இவ்வளவு நாளில் அவர் தன் பக்கத்துக்காகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான், சேவுகா. கூட்டத்தில் சொன்னதை அவர்கள் தீர்மான நோட்டில் எழுதவில்லை, மைக்கில் சொல்லவில்லை, வீரணன் காதில் விழவில்லை. நீயாவது கேட்டுக்கொள். நான் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் விலகி முதலில் பிடிக்கச் சொன்னார்கள். வேண்டாம், என் முறை வரட்டும் என்று சொல்லிக் கடைசியில் நின்று பிடித்து வந்தேன். பருப்பு நன்றாக வெந்தது. அப்பா சாப்பிட்டார்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதாதே. நான் எழுதினேன் என்று தெரிந்தால் அவருக்குப் பிடிக்காது. சைக்கிள் வாங்கப் பணமும் அனுப்பாதே, வாங்கமாட்டார். கடலை பிடுங்கியாயிற்றா, எத்தனை மூட்டை தேறும், செவலைக் கன்று எப்படி இருக்கிறது என்று அவர் பேருக்குத் தனிக் கடிதம் போடு. உன் பழைய கடிதம் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, துவைக்கும்போது எடுத்து வெளியில் வைக்கிறார், மறுபடி எடுத்து வைத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் வேறு கடிதம் வர வேண்டும், சீக்கிரம் போடு.

சாலாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். அங்கே குளிர் ஆரம்பிக்குமுன் பேரனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கு, காதை மூடாமல் வெளியில் கூட்டிப் போகாதே. கண் தேவலையா என்று கட்டாயம் எழுது, தேவலை என்று தெரிந்த பிறகுதான் நான் நாட்டரசன்கோட்டைக்குக் கண்மலர் கொண்டு போக வேண்டும். வீட்டில் விளக்கேற்றும்போது உங்கள் மூன்று பேர் பேரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன். நீ நீண்ட ஆயுசோடும், யார் முன்னாலும் தாழாத மனசோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கல்யாணசுந்தரி.